செராப்பியோன் கிழவரும் நனைத்த அப்பமும்



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘தீர்ப்பா, அன்பா?’ என்பது. சரி என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இதில் உள்ள சிக்கல் புரிந்தது. அன்பு வேண்டாம், தீர்ப்புதான் வேண்டும் என்று எந்தச் சபையிலும் எந்தப் போதகரும் பேசப்போவதில்லை. இங்கே கைதூக்கச் சொன்னால் நூற்றுக்கு நூறும் அன்பின் பக்கம்தான் விழும். ஆமென் சொல்லிவிட்டு வெளியே போய், வாசலில் செருப்பு மாட்டும்போதே, எந்த வீட்டுப் பெண் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள் என்று பேச்சை ஆரம்பிப்போம். ஆகவே பிரசங்கம் வேண்டாம். ஒரு பழைய வழக்கை உங்கள் முன் வைக்கிறேன். அதில் வாதியும் திருச்சபைதான், பிரதிவாதியும் திருச்சபைதான்.

கி.பி. 249-இல் டீசியஸ் என்பவன் ரோமப் பேரரசன் ஆனான். எல்லைகளில் போர், கஜானாவில் பணமில்லை. தெய்வங்கள் கோபமாக இருக்கின்றன என்று முடிவு செய்தான். பேரரசில் உள்ள எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தவேண்டும், பானம் வார்க்கவேண்டும், பலியிட்ட இறைச்சியை வாயில் வைக்கவேண்டும், அதுவும் இதற்கென்று அமைத்த குழுவின் கண்ணெதிரே செய்யவேண்டும் என்று ஆணை போட்டான். செய்தவருக்குக் கையில் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழ்கள் எகிப்தின் மணலுக்குள் கிடந்து, பாப்பிரஸ் தாளில் எழுதியது எழுதியபடியே, நாற்பதுக்கும் மேல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் இருப்பவர் பெயர் தியோகெனஸ். தந்தை பெயர், ஊர், வயது 72, வலது புருவத்தில் தழும்பு. நம் தாலுகா ஆபீஸ் படிவத்தில் அங்க அடையாளம் கேட்பார்களே, அதேதான். எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன் நான், இப்போதும் உங்கள் முன்னால் செய்தேன், சான்று தாருங்கள் என்பது அந்த மனுவின் சாரம். தேதி 250 ஜூன் மாதம். இந்தத் தியோகெனஸ் கிறிஸ்தவர் என்று சொல்ல ஆதாரமில்லை. எல்லோரும்தான் வாங்கவேண்டியிருந்தது.

கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்? வேதசாட்சிகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, எல்லோரும் சிங்கத்தின் வாய்க்குப் பாடிக்கொண்டே போனார்கள் என்றுதான் நினைப்பு. சிலர் உண்மையிலேயே செத்தார்கள். ரோமாபுரியின் ஆயர் ஃபேபியன் 250 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். சிறையில் கிடந்து சித்திரவதைப்பட்டும் மறுதலிக்காதவர்கள் இருந்தார்கள். ஆனால் பெருங்கூட்டம் பலிபீடத்துக்குப் போனது. கார்த்தேஜ் நகரத்தில், பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும், இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்கள் இருந்தார்கள் என்று அந்நகரத்து ஆயர் சிப்ரியானே எழுதி வைத்திருக்கிறார். சிலர் பலியிட்டார்கள். சிலர் சாம்பிராணி மட்டும் போட்டார்கள். கையில் காசு இருந்தவர்கள் பலி எதுவும் செலுத்தாமல், அதிகாரிக்கு எதையோ கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

251-இல் டீசியஸ் போர்க்களத்தில் மாண்டான். புயல் ஓய்ந்தது. அதன்பிறகு வந்த பிரச்சினைதான் பெரியது. விழுந்தவர்கள் திரும்பி வந்தார்கள். ஆராதனை நடக்கும் இடத்தின் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே விடுவதா, வேண்டாமா?

வேண்டாம் என்றவர்களை அவசரப்பட்டுக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். மகனைச் சிறையில் இழந்த ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் பக்கத்தில் வந்து உட்காருகிறான், காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவன். அதே அப்பம், அதே கிண்ணம். அந்தத் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டால் யார் அவளைக் குறை சொல்வது? இந்தப் பக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் ரோமாபுரியின் மூப்பர் நோவாசியன். படித்தவர். திரித்துவத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் படிக்கப்படுகிறது. கொள்கையில் அவர்மீது ஒரு குற்றமும் சொல்லமுடியாது. விசுவாசத்தை மறுதலித்தவனுக்குக் கடவுள் மன்னிப்புக் கொடுத்தால் கொடுக்கட்டும், சபை கொடுக்க அதிகாரமில்லை என்பது அவர் கட்சி. கொர்னேலியு என்பவர் ரோமாபுரியின் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, இவர் போட்டி ஆயராக நின்றார். சபை இரண்டாகப் பிளந்தது.

கார்த்தேஜில் நிலைமை இன்னும் குழப்பம். சிப்ரியான் கலாபனையின்போது தலைமறைவாக இருந்தவர். ஓடிப்போன ஆயருக்கு மற்றவர்களைப் பற்றிப் பேச என்ன தகுதி என்ற முணுமுணுப்பு ஊரெல்லாம் இருந்தது. அங்கே சிறையில் அடிபட்டவர்கள், இன்னாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விழுந்தவர்களுக்குச் சிபாரிசுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். உடம்பில் காயத்தோடு இருந்தவர்கள் மன்னிக்கச் சொன்னார்கள். பத்திரமாக இருந்த ஆயர் பொறுங்கள் என்றார். ரோமாபுரியில் இதற்கு நேர்மாறு. அங்கே சிறைப்பட்டவர்களில் சிலர் முதலில் நோவாசியன் பக்கம் நின்றுவிட்டுப் பிறகு திரும்பினார்கள். துன்பப்பட்டவர்கள் எல்லோரும் இளகிவிடுவார்கள் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

சிப்ரியான் சீட்டுகளை எதிர்த்ததில் நியாயமும் இருந்தது. இன்னாரும் அவர் வீட்டாரும் என்று மொத்தமாக எழுதிக் கொடுத்தால் அந்த வீட்டார் யார், எத்தனை பேர்? யாரும் யாரையும் பார்க்காமலே மன்னிப்பு கிடைத்துவிடும். அதனால் அவர் வேறொரு வழிக்கு வந்தார். ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியாகக் கேளுங்கள் என்றார். பிடிபடுமுன்பே ஓடிப்போய்ப் பலியிட்டவனும், நெடுநேரம் எதிர்த்து நின்று முடியாமல் விழுந்தவனும் ஒன்றா? மனைவி மக்களையும் பலிபீடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவனும், தான் ஒருவன் போய்ப் பலியிட்டு வீட்டிலுள்ள மற்ற எல்லோரையும் காப்பாற்றியவனும் ஒன்றா? இப்படி ஒரு கடிதத்தில் கேட்கிறார். இந்த இரண்டாவது ஆளைக் கவனியுங்கள். பதிவேட்டில் அவன் பலியிட்டவன். அவன் மனைவிக்கு மட்டும்தான் தெரியும், அவன் எதற்காக அங்கே போனான் என்று.

251-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம், சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. பலியிட்டவர்கள் மனந்திரும்பியவர்களாகக் காத்திருக்கவேண்டும், சாகும் தறுவாயில் ஒப்புரவு கிடைக்கும் என்றது. எனக்கு இந்தத் தீர்மானத்தில் ஒரு நெருடல் உண்டு. சான்றிதழை விலைக்கு வாங்கப் பணம் வேண்டும். பணமில்லாதவன்தான் பலிபீடம்வரை போயிருப்பான். அப்படியானால் முதலில் உள்ளே வந்தவர்கள் யார்? இதை விட்டுவிடுகிறேன், பிறகு வருவோம். ஓரிரு ஆண்டுகளில் அடுத்த கலாபனை வரும்போலத் தெரிந்ததும், மனந்திரும்பிக் காத்திருந்த எல்லோரையும் சேர்த்துக்கொள்ளச் சிப்ரியானும் மற்ற ஆயர்களும் ஒப்புக்கொண்டார்கள். சிப்ரியான் 258 செப்டம்பரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். இந்த முறை அவர் ஓடவில்லை.

இப்போது அலெக்சாந்திரியாவுக்கு வாருங்கள். அந்நகரத்து ஆயர் தியோனிசியு. அந்தியோகியாவின் ஆயர் ஃபேபியு நோவாசியன் பக்கம் சாய்கிறார் என்று இவருக்குத் தெரிகிறது. கடிதம் எழுதுகிறார். வேத வசனங்களை அடுக்கி வாதம் செய்திருக்கலாம். அவரும் படித்தவர்தான். ஆனால் கடிதத்தில், எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன் கேளுங்கள் என்று ஒரு கதை சொல்கிறார். யூசேபியஸ் தன் திருச்சபை வரலாற்றில் சேர்த்து வைத்ததால் அது பிழைத்தது.

செராப்பியோன் என்று ஒரு கிழவர். நெடுங்காலம் குற்றமில்லாமல் வாழ்ந்தவர். சோதனை வந்தபோது பலியிட்டுவிட்டார். அதன்பின் சேர்த்துக்கொள்ளும்படி பலமுறை கெஞ்சினார். ஒருவரும் செவிகொடுக்கவில்லை. பலியிட்டவர் ஆயிற்றே. இதைத் தியோனிசியு மறைக்காமல் எழுதுகிறார், தன் சபையைப் பற்றித்தான். கிழவர் நோயில் விழுந்தார். மூன்று நாள் பேச்சுமூச்சில்லை, நினைவில்லை. நான்காம் நாள் கொஞ்சம் தெளிந்து, மகள் வயிற்றுப் பேரனைக் கூப்பிட்டார். இன்னும் எத்தனை நேரம் என்னைப் பிடித்து வைத்திருப்பீர்கள், சீக்கிரம் விடுங்கள், மூப்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா என்றார். மறுபடியும் நா அடங்கிப்போனது.

பையன் ஓடினான். இரவு நேரம். மூப்பரும் நோயில் கிடந்தார், எழுந்து வரமுடியாது. ஆனால் சாகிறவர்கள் கேட்டால், அதிலும் முன்பே கெஞ்சிக் கேட்டவர்கள் என்றால், நம்பிக்கையோடு கண்மூட வழிசெய்யவேண்டும் என்று தியோனிசியு ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தார். மூப்பர் நற்கருணையில் ஒரு சிறு துண்டை எடுத்துப் பையன் கையில் கொடுத்தார். நனைத்து, கிழவர் வாயில் சொட்டு சொட்டாக விடச் சொன்னார். பையன் அதைப் பொத்தி எடுத்துக்கொண்டு திரும்பினான். வீட்டுக்குள் நுழையுமுன்பே கிழவருக்கு மறுபடி நினைவு வந்தது. வந்துவிட்டாயா, மூப்பரால் வரமுடியவில்லை, பரவாயில்லை, அவர் சொன்னதைச் சீக்கிரம் செய், என்னைப் போக விடு என்றார். பையன் நனைத்து வாயில் விட்டான். கிழவர் கொஞ்சம் விழுங்கினார். மூச்சு நின்றது.

இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்தப் பையன்தான் கண்ணில் நிற்கிறான். குருவானவர் இல்லை, ஜெபப் புத்தகம் இல்லை, சாட்சி சொல்ல ஆளில்லை. சபை திரும்பத் திரும்பக் கொடுக்க மறுத்ததை ஒரு சிறுவன் இருட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அந்த மூப்பரையும் பாருங்கள். நோயாளி. நடு ராத்திரியில் ஒரு பொடியன் வந்து கதவைத் தட்டுகிறான். கிழவர் எவ்வளவு தூரம் மனந்திரும்பினார் என்று விசாரிக்க அவருக்கு நேரமில்லை. அவருக்கு அந்த நொடியில் இரக்கம் பொங்கியதா என்றும் நமக்குத் தெரியாது. பொங்கவேண்டிய தேவையும் இல்லை. உத்தரவு முன்பே இருந்தது. நான் இன்று சொல்ல வந்தது பெரும்பாலும் இதுதான். அன்பை நாம் ஓர் உணர்ச்சியாக நினைத்து, அது வரும்வரை காத்திருக்கிறோம். தியோனிசியு அதை ஓர் ஏற்பாடாகச் செய்து வைத்திருந்தார். உணர்ச்சியில்லாத ராத்திரியிலும், ஆயர் ஊரிலேயே இல்லாத ராத்திரியிலும் அது வேலை செய்யும்.

அதே காலத்தில் கொள்ளைநோய் ஒன்று பேரரசைப் போட்டு உலுக்கியது. சிப்ரியானின் வரலாற்றை எழுதியவர், நம்மவர்களை மட்டும் பார்த்தால் போதாது, அயலாரையும் பார்க்கவேண்டும் என்று அவர் கார்த்தேஜ் சபையாரை ஏவியதாகச் சொல்கிறார். அந்த அயலார் யார்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர்களைக் காட்டிக்கொடுத்தவர்கள். கொர்னேலியுவின் கடிதம் ஒன்றில் ரோமாபுரிச் சபை 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் தாங்கி வந்ததாகக் கணக்கு இருக்கிறது. வாசலில் யாரை நிறுத்துவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே சபைதான்.

நோவாசியனின் ஆட்கள் அதோடு மறைந்துவிடவில்லை. தங்களைத் ‘தூயவர்கள்’ என்று சொல்லிக்கொண்டு சில நூற்றாண்டுகள் தனிச் சபையாக இருந்தார்கள். 325-இல் நிசேயாவில் பெருமன்றம் கூடியபோது அவர்களுடைய ஆயர் அக்கேசியஸை கான்ஸ்டன்டைன் மன்னன் கூப்பிட்டுப் பேசினான். விசுவாச அறிக்கையில் உமக்கு ஆட்சேபம் உண்டா என்றான். இல்லை என்றார். பிறகு ஏன் தனியாக இருக்கிறீர் என்று கேட்டபோது, டீசியஸ் காலத்துச் சங்கதியை எடுத்துச் சொன்னார். அப்படியானால் ஓர் ஏணியைச் சாத்திக்கொண்டு நீர் மட்டும் தனியாகப் பரலோகத்துக்கு ஏறிக்கொள்ளும் என்றானாம் மன்னன். வரலாற்றாசிரியர் சோக்ராத்தேஸ் சொல்லும் கதை இது. கிண்டல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டே கான்ஸ்டன்டைன் தன் மூத்த மகன் கிறிஸ்புஸைக் கொல்ல உத்தரவிட்டவன் என்பதையும் சேர்த்து நினைத்தால், இரக்கத்தைப் பற்றி இவனா பாடம் எடுப்பது என்று தோன்றும். அக்கேசியஸ் மறுமொழி ஏதாவது சொன்னாரா என்று சோக்ராத்தேஸ் எழுதவில்லை.

இரக்கத்தைக் கண்டு பயந்தவர்களைப் பற்றி இன்னொன்று. யோவான் 8-ஆம் அதிகாரத்தில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை எல்லோருக்கும் தெரியும். கல் எறியக் கூடியவர்கள் ஒவ்வொருவராக நழுவிப் போகிற கதை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த முக்கியமான இரண்டு கிரேக்கச் சுவடிகளில், சினாய்ச் சுவடியிலும் வாத்திக்கான் சுவடியிலும், அந்தப் பகுதி கிடையாது. யோவான் எழுதியதல்ல, பழைய வாய்மொழி மரபிலிருந்து பின்னால் வந்து சேர்ந்தது என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அகுஸ்தீனார் வேறு காரணம் சொன்னார். தங்கள் மனைவிமாருக்குப் பாவம் செய்யத் துணிச்சல் வந்துவிடுமோ என்று பயந்து விசுவாசக் குறைவுள்ள சிலர் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள் என்றார். சுவடி ஆராய்ச்சியில் அவர் கணிப்பு தவறாகவே இருக்கட்டும். தன் காலத்துக் கணவன்மார்களைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நமக்கு டீசியஸ் இல்லை, ஆனால் பதிவேடு இருக்கிறது. திருவிருந்து நிறுத்தம், சபை நீக்கம், ‘பின்மாற்றக்காரர்’ என்ற பட்டம், எல்லாம் இருக்கின்றன. யாருக்கு இவை விழுகின்றன என்று உங்கள் சபையை மனத்தில் வைத்து யோசியுங்கள். வேற்று மதத்துப் பையனைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கு, அவளைப் பெற்ற பாவத்துக்காக அப்பாவுக்கு, புருஷனை விட்டு வந்தவளுக்கு, சந்தா பாக்கி வைத்த கூலிக்காரனுக்கு. கோயில் கோபுரத்துக்கு லட்சக்கணக்கில் கொடுத்தவர் வட்டிக்கு விட்டு எத்தனை குடும்பத்தைத் தெருவில் நிறுத்தினார் என்று எந்தக் கமிட்டியும் ஒழுங்கு நடவடிக்கை எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கார்த்தேஜ் தீர்மானத்தில் எனக்கு நெருடிய இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன். காசுள்ளவன் பாவத்துக்கு எப்போதும் ஒரு சான்றிதழ் கிடைத்துவிடுகிறது.

செத்தவர்களையும் விட்டதில்லை. 1917-இன் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்றது. கேரளத்தில் அப்படிப்பட்டவர்களைப் புதைக்கும் மூலைக்குத் தெம்மாடிக்குழி என்றே பெயர். 1983-இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை எடுக்கப்பட்டது. சட்டத்தை ரோமாபுரியில் மாற்றிவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தின் அந்த மூலையைப் பார்க்கும்போது ஊரார் முகம் மாறுவதற்கு இன்னும் கொஞ்சம் காலம் ஆகும்.

சட்டமில்லாத தீர்ப்பு ஒன்றும் நம்மிடம் உண்டு. வீட்டு ஜெபக்கூட்டம் முடிகிற நேரம். பாடல் முடிந்து, காபி வருமுன், ஜெபக் குறிப்பு கேட்பார்கள். ஓர் அக்கா குரலைத் தாழ்த்தி, ‘அந்தக் கடைசி வீட்டுப் பிள்ளைக்காக ரொம்ப பாரமா ஜெபிக்கணும், நான் வேற ஒண்ணும் சொல்லமாட்டேன்’ என்பார். வேறு ஒன்றும் சொல்லவேண்டியதே இல்லை. காபி ஆறுவதற்குள் மிச்சத்தை மற்றவர்களே நிரப்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளையின் வீடு நாலு எட்டு தூரத்தில்தான் இருக்கிறது. ஒருவர் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. எகிப்தின் பாலைவனத் துறவிகள் நடுவே அம்மோனாஸ் என்றொரு ஆயர் இருந்தார். ஒரு துறவி தன் குடிசையில் பெண்ணை வைத்திருக்கிறான் என்று ஊரார் திரண்டு, ஆயரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். துறவி பயந்து அவளை ஒரு பெரிய பீப்பாய்க்குள் ஒளித்தான். உள்ளே நுழைந்த அம்மோனாஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. போய் அந்தப் பீப்பாயின்மேலேயே உட்கார்ந்துகொண்டு, தேடுங்கள் என்றார். தேடினார்கள், யாரும் அகப்படவில்லை. பழி சொன்னதற்குக் கடவுள் உங்களை மன்னிக்கட்டும் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு, துறவியின் கையைப் பிடித்து, உன்னைப் பார்த்துக்கொள் தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிரசங்கங்களில் இது கைதட்டல் வாங்கும் கதை. எனக்கும் பிடிக்கும். ஆனால் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில், அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் இன்னும் பல நாடுகளிலும், ஆயர்கள் வேறு பீப்பாய்கள்மேல் உட்கார்ந்திருந்தது வெளியே வந்தது. குழந்தைகளைச் சீரழித்த குருமாரை ஊர் ஊராக மாற்றி அனுப்பிக் காப்பாற்றினார்கள். அவர்களும் மன்னிப்பு, தீர்ப்பிடாதே என்ற வார்த்தைகளைத்தான் சொன்னார்கள். செராப்பியோன் பலியிட்டதால் சேதப்பட்டவர் செராப்பியோன்தான். இங்கே சேதப்பட்ட குழந்தை ஒன்று இருக்கிறது, அதன் கதையை யாரும் கேட்கவில்லை. அம்மோனாஸ் கதையிலும் எனக்கு ஒரு கேள்வி பாக்கி. பீப்பாய்க்குள் இருந்த அந்தப் பெண் தன் விருப்பத்தோடுதான் வந்தாளா? கதை சொன்னவருக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. சிப்ரியான் சொன்னபடி ஒவ்வொருவர் கதையையும் கேட்பதென்றால் அவளிடமும் கேட்கவேண்டும். பலவீனரை மிதித்தவனைச் சட்டத்தின் கையில் ஒப்படைப்பதும் அந்தக் கேட்பதில் சேர்ந்ததுதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இலிருந்து இருக்கிறது. சபைக் கமிட்டி அதற்கு மேலே இல்லை.

கடைசியாக ஒரு வேலை சொல்லிவிட்டு முடிக்கிறேன். உங்கள் சபையின் அங்கத்தினர் பதிவேட்டை எடுத்து, கடந்த பத்தாண்டில் பெயர் அடிக்கப்பட்டவர்கள், திருவிருந்து நிறுத்தப்பட்டவர்கள் யார் யார் என்று தனித்தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு விஷயம் எழுதுங்கள். தீர்மானம் போடுமுன் அவர் வீட்டுக்குப் போய் அவர் சொல்வதை யார் கேட்டது? அதன்பின் யார் போனது? அந்த இரண்டு கட்டமும் காலியாக இருக்கும் பெயர்களிலிருந்து ஆரம்பியுங்கள். போகும்போது பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டாம், விசாரணைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு போங்கள். கேள்விகளுக்கு நேரம் விட்டிருக்கிறேன், பின்வரிசையில் இருப்பவர்கள் முதலில் கேட்கலாம்.